முட்டுக்கட்டையும் முன்னேற்றமும்

பெரும்பளுவை இடம்பெயர்க்கும் கலை நாகரிகத்தின் தொடக்க காலத்திலேயே தோன்றியது. தோள்வலிமையால் மட்டும் அக்கலை வளரவில்லை; உராய்வை எங்கே குறைப்பது, எங்கே காப்பது என்னும் அறிவினால் வளர்ந்தது.

எகிப்து நாட்டில் தெயிர் எல்-பெர்ஷா என்னுமிடத்தில், ஜெஹுத்திஹோதெப் என்னும் ஆளுநரின் கல்லறை உள்ளது. அது ஏறத்தாழக் கி.மு. 1900ஆம் ஆண்டைச் சார்ந்தது. அதன் சுவரோவியத்தில் மாபெரும் சிலையொன்று சறுக்குவண்டியில் ஏற்றப்பட்டிருக்கின்றது. 172 பேர் நான்கு வரிசைகளாக நின்று வடம் பிடிக்கின்றனர். சிலையின் காலடியில் நிற்கும் ஒருவன் வண்டியின் முன்னே நீர் வார்க்கின்றான். இதனைச் சமயச் சடங்கென்றே அறிஞர் பலர் கருதி வந்தனர். 2014ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர், அளவாக நனைந்த மணலில் இழுவிசை பாதியாகக் குறையக் கண்டனர். நீர் மிகுந்தாலோ அப்பயன் குன்றுகின்றது. அமுதத்துக்கு மட்டுமன்று, நீருக்கும் அளவு உண்டு!

கைப்பழக்கமாக இருந்த இவ்வறிவு பின்னரே விதியாக வடிவம் பெற்றது. லியோனார்டோ டா வின்சி உராய்வைப் பற்றித் தம் குறிப்பேடுகளில் எழுதினார். எனினும் அவை அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1699இல் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன், உராய்வு பளுவுக்கேற்ப மிகும் என்றும், தொடும் பரப்பின் அளவைச் சார்ந்ததன்று என்றும் உரைத்தார். 1781இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்ற கூலோம், நிற்கும் பொருளைப் பெயர்க்க வேண்டிய விசை, நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்தும் விசையினும் மிகுதி என்பதை ஆய்வுகளால் நிறுவினார்.

இவ்விதிகள் நம் இல்லங்களிலும் ஆட்சி செய்கின்றன. குளிர்பதனப் பெட்டியை நகர்த்துமுன் உள்ளிருப்பவற்றை அகற்றினால், பளுவோடு உராய்வும் குறையும். அடியில் தடித்த துணியை விரித்தால் இன்னும் எளிதாகும். அசையாதிருந்த பெட்டி அசைந்தவுடன் தடை சட்டெனக் குறைவதால், அந்நொடியில் தள்ளும் விசையையும் தளர்த்தல் வேண்டும். இன்றேல் பெட்டி முன்னே பாயும். தடைக்கு ஈடான விசை இருப்பின் அது சீராகச் செல்லும். உச்சியைப் பற்றித் தள்ளுதல் தகாது. அடிப்பகுதி உராய்வால் நிற்க, தலைப்பகுதி கவிழக்கூடும்.

பெட்டியின் கீழ் உராய்வு குறைதல் நன்று. நம் பாதத்தின் கீழ் அது குறைதல் கேடு. ஈரத் தரையில் நின்று தள்ளுவோன் பெட்டியை நகர்த்துவதற்கு மாறாகத் தானே வழுக்குவான். சரிவில் இறங்கும்போது தடுப்பாரின்றி உருளைவண்டியை விடுதலும் உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

இவ்வுண்மையைத் தமிழர் தேர்வீதியிலே கண்டனர். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்தாலும், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தின் கீழ் இடப்படும் முட்டுக்கட்டையே. சக்கரத்தின் அருகே நின்று அதனை இடுவோரின் கூர்மையை நம்பியே கூட்டத்தின் உயிர்கள் உள்ளன. உலக வழக்கில் முட்டுக்கட்டை என்பது முன்னேற்றத்தைக் கெடுக்கும் தடைக்குப் பெயராயிற்று. தேரோ அத்தடை இல்லாமல் நிலை சேராது. இழுக்கும் விசையோடு தடுக்கும் விசையையும் மதிக்கக் கற்பிப்பதே பளுவின் வரலாறு மாணவர்க்குத் தரும் பாடமாகும்.