கல்லின் உரிமையும் நீரின் உரிமையும்

குன்றத்தூரை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்குவாரிகள் யாருக்குரியவை? இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு நாம் காட்டும் முதல் வழி, கிராமத்தின் ‘அ’ பதிவேடு. புல எண்ணுக்கு எதிரே ‘கல்லாங்குத்துப் புறம்போக்கு’ என்றிருந்தால் நிலம் அரசினுடையது. கல் உடைத்தவர் குத்தகைதாரர் மட்டுமே. பட்டா நிலமாயின் உரியவர் பெயர் அங்கிருக்கும். எனினும் 1959ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அவரும் அனுமதி பெற்றே கல்லெடுத்தல் வேண்டும்.

கல்லெடுப்பு ஓய்ந்தபின் குழிகளில் நீர் தேங்கியது. 2017, 2019ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில் அந்நீரும் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னையின் தாகம் தணிக்க உதவியது. கல்லுக்கு உரியவர் சிலர், நீருக்கோ? நீரில் மக்கள் அனைவரும் கூட்டாளிகள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆதலின் உரிமை ஆராய்வோர், கல் போன கணக்கோடு நின்றுவிடாது, எஞ்சிய நீரைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.