மாத்தளைக் குகையும் அனுராதபுரத்து உரைகளும்

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வீதியை அடுத்துப் பெரும்பாறைகளுக்கிடையே அமைந்த அலுவிகாரை, அதுவரை வாய்மொழியாகவே ஓதிக் காக்கப்பட்ட திரிபிடகம் என்னும் பௌத்த மறைத்தொகுதி கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடமென மரபு போற்றுகிறது. வலகம்பா எனச் சிங்கள வழக்கில் அறியப்படும் வட்டகாமணி அபயன் என்ற அரசன் காலத்தில் இது நிகழ்ந்ததென வரலாற்று நூலான மகாவம்சம் கூறினும் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. மாத்தளைப் பகுதியைச் சுட்டுவன பிற்கால நூல்களே.

எழுத்தை நாடச் செய்தது அச்சம் எனலாம். தமிழ்த் தலைவர் ஐவர் அடுத்தடுத்து அனுராதபுரத்தை ஆண்ட காலத்தில் நாட்டைப் பெரும்பஞ்சமும் வாட்ட, பிக்குகளிற் பலர் கடல் கடந்து இந்தியா சென்றனர். மகாநித்தேசம் என்ற நூலை முழுதும் அறிந்தவர் ஒரே ஒருவராய்க் குறைந்துபோக, அவரும் ஒழுக்கத்தில் நற்பெயர் இல்லாதவராய் இருந்தமையால் அவரிடம் பாடம் கேட்கப் பிறர் தயங்கினர் என்று, பிக்குகளின் ஒழுக்கவிதிகளான வினயத்தின் உரை கூறுகிறது. பஞ்சம் நீங்கியபின், சமயத்தின் வேர் கல்வியா ஒழுக்கமா என்று பிக்குகளிடையே எழுந்த வாதத்தில் கல்வியே வென்றது. இம்முடிவு இல்லையெனில் பிற்காலத்து அனுராதபுரம் வெளிநாட்டார் நாடிவந்த கல்வி நகரமாகியிருக்குமா என்பது ஐயமே. எழுதும் பணி தலைநகரை விட்டு மலைச்சாரலுக்குச் சென்றதற்கு, அரசன் வட்டகாமணி புதிதாக அபயகிரி விகாரையை எழுப்பி ஆதரித்தமையால் பழைய மகாவிகாரையினர் மனங்கசந்ததே காரணமென ஆய்வாளர் சிலர் கருதுவர்.

எனினும் உயர்கல்வி நாடியோர் ஏடு பிறந்த குகைக்கு வரவில்லை, அனுராதபுரத்துக்கே சென்றனர். மூலநூல் எழுத்தில் அமைந்தபின் அதைப் படிப்பது எங்கும் இயலும்; ஆனால் அட்டகதை எனப்படும் விளக்க உரைகளும் அவற்றை வழிவழியாகப் பாடஞ்சொன்ன ஆசிரியர்களும் தலைநகரின் விகாரைகளில் இருந்தனர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து வந்த பாகியான், அபயகிரியில் 5,000 பிக்குகளும் மகாவிகாரையில் 3,000 பிக்குகளும் இருந்ததாகக் குறித்து, தம் நாட்டில் கிடைக்காத வினய நூல்களைத் தேடி ஈராண்டு தங்கினார்.

இந்தியாவிலிருந்து வந்த உரையாசிரியர் புத்தகோசர் தேர்ந்ததோ சிறியதாகிய மகாவிகாரையை. இந்தியாவில் மூலமே உள்ளது, உரை இல்லை என்று ஆசிரியர் ரேவதர் சொல்லியனுப்ப, அரசன் மகாநாமன் ஆட்சியில் வந்த அவர் அங்கிருந்த சிங்கள உரைகளைப் பாளிக்குப் பெயர்க்க விரும்பினார். தகுதியறியாமல் ஏடுகளைத் தர இசையாத மகாவிகாரையினர் இரண்டு செய்யுள்களைக் கொடுத்து விளக்கச் சொல்ல, அவர் ‘விசுத்திமக்க’ என்னும் பெருநூலையே இயற்றினார். தேவர்கள் அதை இருமுறை மறைத்துவைக்க மூன்றாம் முறையும் எழுதினாரென்றும், மூன்று படிகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தனவென்றும் வரலாற்று நூல் சொல்வதை நம்பவேண்டியதில்லை; ஆனால் ஏடுகளைத் திறக்குமுன் மாணவரைச் சோதிக்கும் வழக்கம் அங்கு எத்துணைக் கடுமையாக இருந்ததென்பதை அக்கதை நன்றாகவே காட்டுகிறது. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தரும் மகாவிகாரை மரபையே பின்பற்றியவர். அங்குக் கற்றுத் திரும்பும் வழியில், எதிரே வந்த கப்பலிலிருந்த புத்தகோசரைக் கண்டு, எழுதும் உரைகளைத் தமக்கும் அனுப்புமாறு கேட்டாரென்பது மரபுச் செய்தி. பின்னர்க் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையிலிருந்து அவர் ‘அபிதம்மாவதாரம்’ எழுதினார்.

இன்று அலுவிகாரையில் ஒரு குகை புத்தகோசருக்கென ஒதுக்கப்பட்டு அவருடைய உருவமும் வைக்கப்பட்டுள்ளது. அவர் இங்கும் தங்கிப் பணியாற்றினார் என்பது உள்ளூர் நம்பிக்கை. வரலாற்று நூல்கள் அவரை அனுராதபுரத்தோடு மட்டுமே சேர்த்துப் பேசுகின்றன. மாத்தளை வந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.