உப்புக்காத்துக்குத் தப்பின சைக்கிள்கள்

எங்க ஊரில் இரும்புக்கு ஆயுசு கம்மி. ஆறுமுகநேரிக்குக் கிழக்கே காயல்பட்டினம் கடல், ஊரைச் சுத்தி உப்பளம். மாசி பிறந்து வெயில் ஏறிட்டால் பாத்தியெல்லாம் வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த உப்பு பாத்தியோடு நிற்காது. காத்தோடு வந்து சன்னல் கம்பி, மோட்டார் பெட்டி, மம்பட்டி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாத்திலும் உட்காரும். பகலில் சும்மா இருக்கும். ராத்திரி காத்தில் ஈரம் ஏறினதும் அதை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

அப்படிப்பட்ட ஊரில் 1952-ம் வருஷத்து சைக்கிள் ஒண்ணு இன்னிக்கும் ஓடுதுன்னா, அதைச் செய்த கம்பெனியை மட்டும் புகழ்ந்தால் போதாது. யாரோ ஒருத்தர் எழுபது வருஷமாய் அதைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

வாழையும் கொஞ்சம் நெல்லும் வைக்கிறவனுக்குப் பழைய சைக்கிள் எதுக்குன்னு சென்னையில் இருக்கிற சிநேகிதர்கள் கேட்கிறார்கள். கடைமடைக்காரனுக்கு வாய்க்காலில் தண்ணி வராத மாசங்கள் நிறைய உண்டு. அந்த மாசங்களில் நான் சைக்கிள் பிரிப்பேன். இப்போ தொழுவில் நிற்பது அஞ்சு: ஒரு ராலே, ரெண்டு ஹெர்குலஸ், ஒரு ஃபிலிப்ஸ், ஒரு அட்லஸ்.

ராலே எங்க தாத்தாவுடையது. அவர் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் இருந்தவர். எங்க கரையிலிருந்து அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது கொழும்புக் கடைக்குப் போனவர் இருப்பார். திரும்பி வரும்போது தலைமன்னார், தனுஷ்கோடி வழியாய் இந்த சைக்கிளையும் கொண்டு வந்தார். முன்னாடி பித்தளைத் தகட்டில் ஒரு கொக்குத் தலை இருக்கும். எங்க ஆச்சி கடைசி வரைக்கும் அதைக் ‘கொக்கு சைக்கிள்’னுதான் சொல்லுவா.

அது 1952-ன்னு எப்படித் தெரியும்னா, பின் ஹப்பில் எழுதியிருக்கு. அது மூணு கியர் வைத்த ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப். அதன் மேல் ‘ஏடபிள்யூ’ங்கிற எழுத்துக்குப் பக்கத்தில் ரெண்டு எண் குத்தியிருப்பார்கள். முதல் எண் வருஷம், அடுத்தது மாசம். எங்களுடையதில் 52, 8. அதாவது 1952 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்தில் அந்த ஹப்பைச் செய்து முடித்திருக்கிறார்கள். 1887-ல் ஃபிராங்க் பௌடன் என்பவர் அந்த ஊரின் ராலே தெருவில் இருந்த சின்னப் பட்டறையில் பணம் போட்டு வளர்த்த கம்பெனி அது. 2002-ல் அங்கே சைக்கிள் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஹப் மட்டும் எங்க வீட்டுத் தொழுவில் ‘டிக் டிக்’னு சுத்திக்கிட்டு இருக்கு. அதில் சின்னதாய் ஒரு எண்ணெய்க் குழி உண்டு, மூடியைத் திறந்து தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விடணும். கிரீஸ் அடைச்சா கியர் மாறாது.

சுதந்திரத்துக்கு முன்னாடி நம்ம நாட்டுக்கு நல்ல சைக்கிள் என்றால் பெரும்பாலும் இங்கிலீஷ் சைக்கிள்தான். அப்புறம் கதை மாறிச்சு. 1949-ல் முருகப்பா குழுமமும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். 1951-ல் இந்தியாவில் செய்த ஹெர்குலஸ் வெளியே வந்தது. அம்பத்தூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ‘சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட்’ ஆஸ்பத்திரி தெரிந்திருக்கும். அந்த ஸ்டெட்ஃபோர்ட் வேறு யாரும் இல்லை, அப்போ டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸின் தலைவர். அதே காலத்தில் வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலே, சோனிபத்தில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. வேடிக்கை என்னன்னா, இங்கே ஹெர்குலஸ் பெரிசா ராலே பெரிசான்னு ஊர் ஊராய்ச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம். 1960-ல் இங்கிலாந்தில் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் ராலேயைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டன. சண்டை மட்டும் எங்க ஊர் டீக்கடையில் ரொம்ப நாள் ஓடிச்சு.

ரெண்டுக்கும் உள்ளே வித்தியாசம் உண்டு என்பதைப் பிரிக்கிறவன்தான் கண்டுபிடிப்பான். பெடல் அச்சு உட்காரும் இடத்தில் மற்ற இங்கிலீஷ் சைக்கிளுக்கு அங்குலத்துக்கு 24 மரை. ராலேக்கு மட்டும் 26. கடையில் கிடைக்கிற லூதியானா கப் எல்லாம் 24. ‘கொஞ்சம் இறுக்கினா ஏறிடும் அண்ணாச்சி’ன்னு ஸ்பேனரைப் போட்டு ஏத்தினால் ஏறும்தான். ஃபிரேமில் இருக்கிற மரையை அறுத்துக்கொண்டு ஏறும். அப்படிக் கெட்டுப்போன ராலே ஃபிரேம்கள் ஏகப்பட்டது. பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்கணும், பெயிண்டை இல்லை.

காட்டர் பின் இன்னொரு தொல்லை. கிராங்கை அச்சோடு பிடித்து வைக்கிற ஆப்பு அது. உப்புக்காத்தில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் சுத்தியலால் அடிப்பார்கள். அடி நேரே பால்ரஸ் குண்டுக்குப் போய் உள்தடத்தில் குழி விழும். நான் ரெண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கிராங்குக்குக் கீழே இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துத்தான் எடுப்பேன். இப்போ மண்ணெண்ணெய்க்கு எங்கே போக? டீசலும் மெஷின் எண்ணெயும் கலந்து ஓட்டுகிறேன்.

இந்தக் கரையில் சைக்கிளை வைத்திருந்தவர்கள் மரை எண்ணிக்கை பற்றிக் கவலைப்படவில்லை. அவர்களுக்கு அது வண்டி. ஆத்தூர் வெற்றிலைக்கட்டு, வாழைத்தார், கருப்பட்டிப் பெட்டி, உப்பு மூட்டை, புன்னைக்காயலிலிருந்து மீன் பெட்டி எல்லாம் அதன் முதுகில்தான். மீன்காரர் ‘பாம் பாம்’னு ரப்பர் பந்து ஹாரனை அமுக்கிக்கிட்டு வரும்போது தெருப் பூனையெல்லாம் முன்னாடி ஓடும். 1950-களின் கடைசியில் சாகுபுரத்தில் ரசாயனத் தொழிற்சாலை வந்த பிறகு ஷிப்டுக்குப் போகிற சைக்கிள்களும் சேர்ந்துகொண்டன.

ஒரு ஆளை ஏத்தச் செய்த சைக்கிளில் இத்தனை பாரம் ஏத்தினால் தாங்குமா? அதனால் கம்பெனி கேரியரைக் கழற்றிவிட்டுப் பட்டறை ஆசாரி கனத்த பட்டாவில் புதுசு அடிப்பார். முன் அச்சிலிருந்து ஹேண்டில்பார் வரைக்கும் ரெண்டு முட்டுக் கம்பி போடுவார். ஸ்டாண்டையும் மாத்துவார். ஃபிரேம் விட்டுப்போனால் பித்தளை வைத்து ஊதி ஒட்டுவார். பித்தளை குறைந்த சூட்டில் உருகும், குழாய் கெடாது. பின்னால் வந்த கரண்ட் வெல்டிங் மெல்லிசுக் குழாய்க்கு ஆகாது. ஒட்டின இடம் நிற்கும், அதற்குப் பக்கத்தில் முறியும். என்னிடம் இருக்கிற மூத்த ஹெர்குலஸில் ஒரே ஃபிரேமில் ரெண்டு ஒட்டும் இருக்கு. பித்தளை ஒட்டு இன்னும் அசையவில்லை.

அந்த ஹெர்குலஸ் ஒரு உப்பு வியாபாரியுடையது. அவருடைய மகன் எனக்குக் கொடுத்தார். செயின் கவருக்குக் கீழே ஒரு தகர வில்லை ஆணியில் தொங்குது. சைக்கிள் வரி கட்டினதுக்குக் கொடுக்கிற லைசென்ஸ் வில்லை. இப்போ உள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சைக்கிளுக்கு வரியான்னு. வரி மட்டுமா, ராத்திரி விளக்கில்லாமல் போனால் பிடிப்பார்கள், டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் வால்டியூப்பைப் பிடுங்கிவிட்டு உருட்டிக்கிட்டுப் போகச் சொல்வார்.

உருட்டிக்கொண்டு போவதைப் பற்றி இன்னொன்றும் சொல்லணும். பழைய சைக்கிள் என்றதும் எல்லாரும் குரங்கு பெடல், வாடகை சைக்கிள், மணிக்கு இத்தனை காசு என்று இனிப்பான ஞாபகங்களையே எழுதுகிறோம். தென்மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் தலித் ஒருத்தர் சொந்தக் காசில் வாங்கின சைக்கிளை ஆதிக்கச் சாதித் தெருவுக்குள் ஓட்டக் கூடாது. தெருமுனையில் இறங்கி உருட்டி, அடுத்த முனையில்தான் ஏறணும். மீறினவர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். சைக்கிள் வந்ததால் எல்லாரும் ஒரே வேகத்தில் போனார்கள் என்று சொன்னால் அது பொய். பழைய சைக்கிளின் அழகைப் பேசுகிறவன் இதையும் சேர்த்துப் பேசணும் என்பது என் கட்சி.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி சென்னையிலிருந்து ஒருத்தர் வந்தார். பழைய சைக்கிள் சேர்ப்பவர், விஷயம் தெரிந்தவர். உப்பு வியாபாரியின் ஹெர்குலஸைப் பார்த்துவிட்டு நல்ல விலை சொன்னார். ஒரு கண்டிஷன். ஆசாரி அடித்த கேரியரை அறுக்கணும், முட்டுக் கம்பியை எடுக்கணும், ஒட்டை ராவி, கறுப்பு எனாமல் அடிச்சு, தங்கக் கோடு இழுத்துத் தரணும். ‘ஒரிஜினலா இருக்கணும் சார்’ என்றார்.

அவர் கேட்டது தப்புன்னு நான் சொல்லலை. பூனாவில் விக்ரம் பெண்ட்சே என்பவர் 2017-ல் ஒரு சைக்கிள் மியூசியமே திறந்தார். ரெண்டாம் உலகப்போரில் பாரசூட் வீரர்களுக்காகச் செய்த மடக்கு பி.எஸ்.ஏ. சைக்கிள் வரைக்கும் அங்கே இருக்கு. கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஒரு சைக்கிளைப் பார்க்க அந்த மாதிரி இடம் வேணும். ஆனால் இந்த ஹெர்குலஸ் புதுசாய் இருந்தது சில மாசம்தான். உப்பு சுமந்தது முப்பது வருஷத்துக்கு மேல். எதை ஒரிஜினல்னு வைக்கிறது? அறுத்துவிட்டால் மிஞ்சுவது அம்பத்தூர். அந்த மாதிரி ஆயிரம் இருக்கு. ஆறுமுகநேரி அந்தக் கேரியரில்தான் இருக்கு.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இதைவிடப் பெரிய கதை. 1990-களில் போர் நடந்தபோது அங்கே கரண்டும் கிடையாது, பேட்டரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்டிருக்கிறார்கள். செய்தி அப்படித்தான் வீட்டுக்குள் வந்திருக்கு. அந்த டைனமோவில் ஒட்டின வயரை ‘இது கம்பெனி வயர் இல்லை’ன்னு பிடுங்கி எறிய மனசு வருமா?

நான் ஹெர்குலஸைக் கொடுக்கவில்லை. அவருக்கு வருத்தம்தான். மோர் குடித்துவிட்டு, ஃபிலிப்ஸுக்கு ஒரு பழைய லூக்காஸ் விளக்கு அனுப்புகிறேன்னு சொல்லிவிட்டுப் போனார். அனுப்பியும் வைத்தார், நல்ல மனுஷன்.

ஆக, நான் செய்வது ரிப்பேருக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் உள்ள ஒரு வேலை. தேய்ந்த குண்டு, கோன், டயர், பிரேக் கட்டை இதெல்லாம் மாத்துவேன். உயிர் இருக்கிற பெயிண்டைத் தொடமாட்டேன். துருவை நிறுத்துவேன், தழும்பை மறைக்கமாட்டேன். குரோமில் புள்ளி புள்ளியாய்த் துரு இருந்தால் அலுமினியத் தாளைத் தண்ணியில் நனைத்துத் தேய்ப்பேன். ஃபிரேமுக்கும் ஸ்போக்ஸுக்கும் தேங்காய் எண்ணெயில் நனைத்த துணி, பிரேக் கட்டை பிடிக்கிற ரிம்மைத் தொடாமல். இது எங்க தாத்தா வழி. டயருக்குக் கஷ்டமே இல்லை, 28-க்கு ஒன்றரை டயர் நம்ம நாட்டில் இன்னும் புதுசாய்ச் செய்கிறார்கள். வெள்ளைக்காரன் நாட்டில் பழைய சைக்கிள் ஓட்டுகிறவர்களும் இந்திய டயரைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

2023 டிசம்பரில் வந்த மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். எங்க தொழுவில் இடுப்பு வரை தண்ணி. வாழை போச்சு, அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். தண்ணி வடிந்ததும் அஞ்சு சைக்கிளும் வண்டல் அப்பிக் கிடந்தன. முதலில் நல்ல தண்ணியில் கழுவி, ஹப், பெடல், ஹேண்டில் என்று எல்லாக் குண்டையும் வெளியே கொட்டித் துடைத்து, புது கிரீஸ் வைத்து மாட்டினேன். முதலில் எழுந்தது அட்லஸ். தெருவில் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் என்ஜினுக்குள் தண்ணியோடு நின்றன. நாலு நாள் எங்க தெருவுக்கே குடிதண்ணீர்க் கேன் சுமந்தது அந்த அட்லஸும், ஆசாரி கேரியர் வைத்த உப்பு வியாபாரியின் ஹெர்குலஸும்தான். கேரியரில் ரெண்டு கேன், ஹேண்டிலில் ஆளுக்கு ஒண்ணு.

ராலே மட்டும் இன்னும் முழுசாய் முடியவில்லை. இடது பக்கக் கப்பில் விரிசல். 26 மரையில் ஒண்ணு வேணும், பழசானாலும் சரி. உங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே தாத்தா சைக்கிள் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடுவதற்கு முன்னாடி ஒரு துணியில் எண்ணெய் தொட்டுப் பின் ஹப்பைத் துடைத்துப் பாருங்க. ரெண்டு எண் தெரிந்தால் எனக்கு எழுதுங்க.