தீப்பொறியும் அனுமதிச் சீட்டும்: சிங்கப்பூர்ப் பணியிடப் பாதுகாப்புச் சட்ட வளர்ச்சியில் மொழியின் இடம்

சிங்கப்பூரில் கட்டுமானத் தளங்களின் வேலிகளில் 'அபாயம்' என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலம், சீனம், மலாய் மொழிச் சொற்களோடு ஒரே பலகையில் இடம்பெறுவது வழக்கமான காட்சியாகும். அந்நாட்டில் தமிழ் பெற்றுள்ள ஆட்சிமொழித் தகுதிக்குச் சான்றாக அப்பலகையைச் சுட்டலாம். எனினும் அது வேலிக்கு வெளியே விலகி நிற்க வேண்டியவருக்காக எழுதப்பட்டது. உள்ளே வேலை செய்பவருக்கு அந்த ஒரு சொல் போதாது. அது போதாமற்போனது எவ்வாறு என்பதை அந்நாட்டுச் சட்டங்களின் வரலாறு காட்டுகிறது.

1958ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 1973ஆம் ஆண்டுச் சட்டமும் ஆங்கிலத் தொழிற்சாலைச் சட்ட மரபின் வழிவந்தவை. சுழலும் சக்கரத்துக்கு மூடி, கொதிகலனுக்குச் சோதனை, பாரந்தூக்கிக்குச் சான்றிதழ் என்பதே அம்மரபின் போக்கு. ஆபத்து ஒரு பொருளில் குடியிருக்கிறது. அப்பொருளைக் காவலுக்குள் வைத்துவிட்டால் தொழிலாளி பிழைப்பான் என்பது அதன் அடிப்படை எண்ணம். ஆலைக்குள் இவ்வெண்ணம் பெருமளவு பொருந்தியது. கப்பல் பழுதுபார்க்கும் துறையிலோ இன்று வெட்டப்படும் இடத்தில் நாளை வண்ணம் பூசப்படும். ஒரு தளத்தில் எண்ணெய் இருக்க, அடுத்த தளத்தில் நெருப்பு இருக்கும். நிலையான பொருள் என எதுவும் அங்கில்லை.

1978 அக்டோபர் 12ஆம் நாள் பிற்பகல், ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்த கிரேக்க எண்ணெய்க் கப்பலான 'ஸ்பைரோஸ்' வெடித்தது. 76 பேர் இறந்தனர். 69 பேர் காயமுற்றனர். போருக்குப் பிந்தைய சிங்கப்பூரின் தொழில்துறை விபத்துகளில் இதுவே மிகக் கொடியது. கப்பலின் பின்புற எரிபொருள் தொட்டியில் இருந்த எண்ணெயுடன் எளிதில் ஆவியாகும் கச்சா எண்ணெய் கலந்திருந்ததும், அதன் ஆவியை வெட்டுவிளக்கின் நெருப்பு பற்றவைத்ததும் விசாரணையில் வெளிப்பட்டன. கப்பலை இயக்கும் கனத்த எண்ணெய் எளிதில் தீப்பற்றாதது. அதனருகே இரும்பை வெட்டுவது பெரிய துணிச்சலாகத் தோன்றியிராது. வெட்டுவிளக்கும் பழுதானதன்று, தொட்டியும் ஓட்டையானதன்று. மூடியிடுவதற்கோ சான்றிதழ் மறுப்பதற்கோ உரிய பொருள் எதுவும் அங்கே இல்லை. தொட்டிக்குள் இருப்பது என்ன என்னும் செய்தி, விளக்கைப் பிடித்த கைக்கு எட்டவில்லை என்பதே அவ்விபத்தின் சாரம். 76 உயிர்கள் ஒரு செய்தியின் இடைவெளியில் போயின.

இவ்விபத்துக்குப் பின் கப்பல் பட்டறைகளின் பாதுகாப்பு முறைகள் இறுக்கப்பட்டன. அவற்றின் மையத்தில் இருப்பது பணி அனுமதிச் சீட்டு முறை. தீப்பொறி எழும் வேலையைத் தொடங்குமுன் மேற்பார்வையாளர் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மற்றொருவர் இடத்தை நேரில் பார்த்து, ஆவியை அளந்து ஒப்ப வேண்டும். மூன்றாமவர் கையெழுத்திட்டபின் சீட்டின் படி வேலையிடத்திலேயே ஒட்டப்பட வேண்டும். குறித்த நேரம் முடிந்தால் சீட்டும் முடிந்தது. ஒன்றோடொன்று ஒவ்வாத வேலைகள் ஒரே வேளையில் நடவாதிருக்க, கப்பல்தோறும் ஒருங்கிணைப்புக் கூட்டங்களும் நடைபெறலாயின. சங்கிலியையும் மூடியையும் காகிதமும் பேச்சும் துணைசெய்யத் தொடங்கின.

கட்டுமானத்துறை இப்பாடத்தைத் தாமதமாகவே கற்றது. 2004 ஏப்ரல் 20ஆம் நாள் நிக்கல் நெடுஞ்சாலை அருகே வட்டப்பாதை ரயில் சுரங்கத்துக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழம் தோண்டப்பட்டிருந்த குழி சரிந்து நால்வர் மாண்டனர். தாங்குச் சட்டங்கள் இணையும் இடத்தின் வடிவமைப்புப் பிழையை விசாரணைக் குழு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டது. அன்று காலையிலிருந்தே எஃகு நெளிந்ததையும் ஓசை எழுந்ததையும் தளத்தில் இருந்தவர்கள் உணர்ந்திருந்தனர். சரிவு பிற்பகலில் நேர்ந்தது. எச்சரிக்கை கிடைத்தும் வேலை நின்று ஆட்கள் வெளியேறாத அந்த நேரமே இவ்வரலாற்றில் மிகவும் உறுத்துவது. ஏப்ரல் 29இல் ஃபியூஷனோபோலிஸ் கட்டுமானத் தளத்தில் இரும்புக் கூடு சரிந்து இருவரும், மே 29இல் 'அல்முதைனா' கப்பலில் தீப்பற்றி எழுவரும் இறந்தனர்.

2006 மார்ச் 1இல் நடப்புக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிற்சாலைச் சட்டத்தை நீக்கியது. பிரிட்டன் 1972ஆம் ஆண்டின் ரோபென்ஸ் அறிக்கைக்குப் பின் 1974இல் மேற்கொண்ட பாதையை ஒட்டியது இது: அரசு ஒவ்வொன்றையும் விதித்துக் கண்காணிப்பதினும், இடரை உண்டாக்குபவரே அதனை மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும். 2011 செப்டம்பரில் இச்சட்டம் எல்லாப் பணியிடங்களுக்கும் விரிந்தது. 2004இல் 1,00,000 பேருக்கு 4.9 ஆக இருந்த பணியிட இறப்பு விகிதம் 2023இல் 0.99 ஆகக் குறைந்தது. சட்டத்தின் பயனை ஐயுற இடமில்லை.

ஆயினும் இடரை மதிப்பிட்டு, எழுதி, சொல்லித் தடுக்கும் முறை மொழியைச் சார்ந்தது. சக்கரத்தின் மூடி எம்மொழியாளனையும் காக்கும். அனுமதிச் சீட்டு அவ்வாறன்று. தமிழகத்திலிருந்து இத்துறைகளுக்குச் செல்வோர்க்குப் பாதுகாப்பு அறிமுக வகுப்புகள் தமிழிலும் நடத்தப்படுகின்றன. அங்கே சொல்லாக்கச் சிக்கல்கள் உயிர்ச்சிக்கல்களாகின்றன. நாட்டில் தங்கி வேலை செய்ய உரிமை தரும் ஆவணத்தையும், இன்று இத்தொட்டிக்குள் இறங்கலாம் என்னும் சீட்டையும் 'வேலை அனுமதி' என்ற ஒரே தொடரால் குறிக்கத் தமிழில் இடமுண்டு. முன்னது கையில் இருப்பவன் பின்னதும் இருப்பதாக மயங்கக்கூடும். அவ்வாறே, காற்றோட்டமின்றி அடைபட்ட இடத்தைக் 'குறுகிய இடம்' என்று பெயர்த்தால், கூடம்போல் விரிந்த கப்பல் தொட்டி அதில் அடங்காது; அங்கே கொல்வது இடத்தின் சிறுமையன்று, காற்றின் கேடு.

இவற்றினும் நுட்பமானது வேறொன்று. நேரவிருந்து தவறிய விபத்தை உடனே மேலிடத்தில் தெரிவிக்க வேண்டும் என இன்றைய பாதுகாப்பு நெறி எதிர்பார்க்கிறது. தமிழ் வழக்கில் அத்தகைய நிகழ்வுக்கு 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்ற பழமொழி ஆயத்தமாக உள்ளது. அது நன்றியுணர்வின் மொழி. சொல்லி முடித்ததும் நிகழ்ச்சியும் முடிந்துவிடுகிறது. முறையிடுபவன் வேலையை இழக்க நேரலாம் என்ற அச்சம் இதனோடு சேர்கிறது. ஊருக்குத் திரும்பும் பயணச்சீட்டு, முகவரிடம் பட்ட கடன் தீருமுன் கைக்கு வரலாம். எனவே பயிற்சிக் கையேடுகளைத் தமிழாக்குவோர் தெரிவிக்க வேண்டியது எது என்பதுடன், யாரிடம், எந்த எண்ணில், எந்தக் காப்புறுதியோடு தெரிவிக்கலாம் என்பதையும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் தரவேண்டியுள்ளது.