டிபன் பெட்டிக்குள் ஒரு கரடிக்குட்டி: ஜப்பானின் க்யாராபென்

பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் டிபன் பெட்டியைத் திறந்து பார்க்காத தாய் இருக்க மாட்டார். பெட்டி காலியாக இருந்தால் மனம் நிறைகிறது. பாதி அப்படியே திரும்பி வந்தால், என்ன குறை வைத்தோம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம். இந்தக் கவலைக்கு ஜப்பானியத் தாய்மார்கள் கண்டுகொண்ட ஒரு வழிதான் க்யாராபென்.

ஜப்பானில் கையில் எடுத்துச் செல்லும் கட்டுச்சோற்றுக்குப் பெந்தோ என்று பெயர். கார்ட்டூன் கதாபாத்திரத்தின் உருவம் வரும்படி அடுக்கிய பெந்தோதான் 'க்யாரக்டர் பெந்தோ'. அதுவே பேச்சு வழக்கில் க்யாராபென் என்று சுருங்கியது. சோற்றில் கரடி முகம், முட்டையில் கோழிக்குஞ்சு, கேரட்டில் பூ என்று பெட்டியைத் திறந்ததும் பிள்ளை சிரிக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

பெந்தோவின் பழைய கதை

வழியில் உண்ண உணவைப் பொதிந்து செல்வது ஜப்பானில் பல நூற்றாண்டுப் பழக்கம். வேகவைத்து உலர்த்திய சோற்றைப் பயணிகளும் போர்வீரர்களும் கொண்டு சென்றனர். எதோ காலத்தில் நாடகக் காட்சிகளுக்கு இடையே உண்ணக் கொடுத்த உணவுக்கு மக்குனோஉச்சி பெந்தோ என்ற பெயர் அமைந்தது. திரைகளுக்கு இடைப்பட்டது என்பது அதன் பொருள். ரயில் வந்த பிறகு நிலையங்களில் விற்கும் பெந்தோக்கள் தோன்றின. 1885இல் உத்சுனோமியா நிலையத்தில் விற்ற சோற்று உருண்டைகளே அவற்றில் முதலாவது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

உணவில் உருவம் காட்டும் பழக்கமும் புதிதல்ல. வெள்ளைச் சோற்றின் நடுவே உமெபோஷி என்ற சிவந்த, உப்பில் ஊறிய பழம் ஒன்றை வைத்தால் ஜப்பானின் கொடி. ஆப்பிள் துண்டின் தோலை இரண்டு காதுபோல் விட்டுச் சீவினால் முயல். சாசேஜின் அடிப்பாகத்தைக் கீறி வாணலியில் வதக்கினால் கால்கள் சுருண்டு எட்டுக்கால் கடற்பிராணியாகிவிடும். பல தலைமுறைப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த இவையே க்யாராபென்னுக்கு முன்னோடிகள்.

பிறகு கார்ட்டூன்கள் வந்தன. 1974இல் உருவான ஹலோ கிட்டி, நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த டோரேமான், 1988இல் திரைப்படமாக வந்த டோட்டோரோ, 1996இல் விளையாட்டாகத் தொடங்கிய போக்கிமானின் பிக்காச்சு ஆகியவை பெட்டிக்குள் இடம்பிடித்தன. சிறு பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தவர்களில் ஒருவர் ஆன்பான்மான். இவருடைய தலை, இனிப்புப் பயறு வைத்த பன் ரொட்டி. பசித்தவரைக் கண்டால் தன் முகத்தைப் பிய்த்து உண்ணக் கொடுப்பார். போர்க்காலப் பசியை அறிந்த தக்காஷி யானாசே இந்தக் கதாபாத்திரத்தை உருவாக்கினார். செய்வதும் எளிது. வட்ட முகம், நடுவில் ஒரு வட்ட மூக்கு, இருபுறமும் வட்டக் கன்னங்கள், அவ்வளவுதான்.

எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் அளவைப் பார்ப்போம். ஜப்பானில் சொல்லிக்கொடுக்கும் ஒரு கணக்கு '3-1-2'. பெட்டியை ஆறு பங்காகப் பிரித்தால் மூன்று பங்கு சோறு, ஒரு பங்கு மீன், இறைச்சி, முட்டை அல்லது பருப்பு வகை, இரண்டு பங்கு காய்கறி. அலங்காரம் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாமல் பார்த்துக்கொண்டால் சத்துக் குறையாது.

அடுத்தது வண்ணம். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்தும் பெட்டியில் இருக்க வேண்டும் என்பார்கள். செயற்கைச் சாயம் இல்லாமலே இவற்றைக் கொண்டுவரலாம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பிசைந்து சோற்றில் கலந்தால் பிக்காச்சுவின் மஞ்சள் நிறம். தக்காளி கெச்சப் கலந்தால் ஆரஞ்சு. சிறிது சோயா சாஸ் கலந்தால் கரடியின் பழுப்பு. மசித்த பச்சைப் பட்டாணி கலந்தால் இளம்பச்சை. கறுப்புக்கு நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாள் இருக்கிறது. கண், வாய், மீசை எல்லாம் அதிலிருந்துதான் வெட்டுகிறார்கள்.

ஒரு கரடி முகம் செய்யும் முறை இது. சோயா சாஸ் கலந்த வெதுவெதுப்பான சோற்றை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் வைத்து முறுக்கி, உள்ளங்கை அளவில் ஒரு பெரிய உருண்டையும் காதுகளுக்கு இரண்டு சிறிய உருண்டைகளும் பிடிக்க வேண்டும். சீஸ் தாளிலிருந்து ஒரு வட்டம் வெட்டி மூக்குப் பகுதியில் வைக்க வேண்டும். அதன்மேல் நோரியில் வெட்டிய மூக்கையும் வாயையும், மேலே இரண்டு கண்களையும் ஒட்டினால் கரடி தயார்.

இதில் சில நுணுக்கங்கள் உண்டு. நோரியைச் சூடான சோற்றில் நேரடியாக ஒட்டினால் ஈரம் பட்டுச் சுருங்கிவிடும். மதியத்துக்குள் கரடியின் முகம் கோணிப் போகும். ஆகவே சோறு ஆறிய பிறகே ஒட்டுகிறார்கள். நோரியைச் சீஸ் தாளின் மேல் வைத்து இரண்டையும் சேர்த்து வெட்டிக்கொள்வதும் உண்டு. காது உருண்டை விழாமல் நிற்கப் பல்குச்சிக்குப் பதிலாக எண்ணெயில் பொரித்த மெல்லிய ஸ்பகெட்டித் துண்டைச் செருகுகிறார்கள். அது உணவின் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடும். பிள்ளை அதையும் சேர்த்தே உண்ணலாம்.

பெட்டியில் பெரிய பொருட்களை முதலில் வைத்து, இடைவெளிகளைக் காய்கறியால் இறுக்கமாக நிரப்புவது முறை. இடைவெளி விட்டால், பிள்ளை பையோடு ஓடும் ஓட்டத்தில் எல்லாம் ஒரு மூலைக்குச் சென்று சேர்ந்துவிடும்.

ஜப்பானிய அரிசி குட்டையானது, ஒட்டும் தன்மை கொண்டது. அதனால்தான் உருண்டை உதிராமல் நிற்கிறது. நம் பொன்னி அரிசியோ சீரகச் சம்பாவோ அப்படி நிற்காது. அவற்றில் செய்ய விரும்பினால் தண்ணீர் சற்றுக் கூட்டிக் குழைய வேகவைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் எளிய வழி, ஏற்கெனவே வட்டமாக இருக்கும் இட்லியையோ சிறு சப்பாத்தியையோ முகமாக எடுத்துக்கொள்வது.

எல்லாமே முகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உருவங்களைத் தவிர்க்க விரும்பும் குடும்பத்தினர் பூ, நட்சத்திரம், ரயில், கார், பிறை என்று எத்தனையோ செய்யலாம். இத்தகைய பெந்தோக்களை ஜப்பானிலேயே 'ஓவியப் பெந்தோ' என்று அழைக்கிறார்கள்.

கவனம் தேவைப்படும் இடம்

அழகுக்காகக் கையாளும் நேரம் கூடக் கூட, உணவு கெடும் வாய்ப்பும் கூடுகிறது. நம் கைகளிலும் மூக்கிலும் இயல்பாகவே இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி உணவில் பெருகி நஞ்சை உண்டாக்கினால், பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. ஆகவே கை கழுவியபின் உறை அணிந்தோ, இடுக்கியாலோதான் அடுக்க வேண்டும். முட்டை முழுமையாக வெந்திருக்க வேண்டும். காய்கறியின் நீரை வடித்துவிட வேண்டும். சோறு நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து, கிருமிக்கு நல்ல இடமாகிவிடும். ஜப்பானிலேயே கோடையில் பெட்டியுடன் பனிப்பொதி வைக்கிறார்கள் என்றால், நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

அதைவிடப் பெரிய அபாயம் தொண்டையில் சிக்குவது. வட்டமாக, வழுவழுப்பாக இருப்பவைதான் அலங்காரத்துக்கு அழகு. குழந்தையின் மூச்சுக்குழாயை அடைப்பவையும் அவையே. 2024 பிப்ரவரியில் ஃபுகுவோகா மாகாணத்தில் பள்ளி மதிய உணவில் இருந்த காடை முட்டை தொண்டையில் சிக்கி முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். திராட்சை, சிறு தக்காளி, காடை முட்டை ஆகியவற்றைச் சிறு பிள்ளைகளுக்கு நான்காக வெட்டியே கொடுக்க வேண்டும். கடினமான பருப்புகளையும் கொட்டைகளையும் 5 வயது வரை கொடுக்க வேண்டாம் என்று ஜப்பானின் நுகர்வோர் விவகாரத் துறை எச்சரிக்கிறது. கூரான அலங்காரக் குச்சிகளும் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

முஸ்லிம் குடும்பங்கள் பார்க்க வேண்டியவை

ஜப்பானியச் செய்முறைகளை அப்படியே பின்பற்றினால் நமக்குச் சில இடங்களில் சிக்கல் வரும். இளஞ்சிவப்பு நிறத்துக்கு அவர்கள் வழக்கமாக எடுக்கும் ஹாமும், மேலே சொன்ன சாசேஜும் பெரும்பாலும் பன்றி இறைச்சி. மிரின் என்ற இனிப்புச் சுவையூட்டியில் ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹால் இருக்கிறது. அதன் இனிப்புக்குத் தண்ணீரில் கரைத்த சிறிது சர்க்கரை போதும். சோயா சாஸ் சிலவற்றில் கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்க்கிறார்கள். நண்டுக்குச்சி என்பது உண்மையில் மீன் விழுது. அதிலும் மிரின் இருக்கக்கூடும். ஜெல்லி மிட்டாய்களில் உள்ள ஜெலட்டின், சோற்றின்மேல் தூவும் பொடிகளில் உள்ள இறைச்சிச் சாறு ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹலால் சான்று உள்ளதை வாங்குவது, இல்லையென்றால் உறையிலுள்ள பொருள் பட்டியலைப் படிப்பது, ஐயமிருந்தால் விட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. இளஞ்சிவப்புக்கு ஒரு துண்டு பீட்ரூட் போதுமே!

ஜப்பானில் வாழும் முஸ்லிம் பெற்றோருக்கோ இது அலங்காரத்தைத் தாண்டிய விஷயம். அங்கே பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளில் பள்ளியே மதிய உணவு வழங்குகிறது. எல்லாப் பிள்ளைகளும் வகுப்பறையில் ஒன்றாக அமர்ந்து ஒரே உணவை உண்கிறார்கள். மாதத்தின் உணவுப் பட்டியல் முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும். அதில் பன்றி இறைச்சியோ மிரினோ உள்ள நாட்களில், சிலர் எல்லா நாட்களிலுமே, வீட்டிலிருந்து பெந்தோ கொடுத்தனுப்புகிறார்கள். அப்போது பல தாய்மார்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து அதே உணவை ஹலாலாகச் சமைக்கிறார்கள். பள்ளியில் கறிக்குழம்புச் சோறு என்றால் வீட்டிலும் அதுவே. பள்ளியில் பன்றி கலந்த ஹாம்பர்க் என்றால் பெட்டியில் ஹலால் மாட்டிறைச்சி ஹாம்பர்க்.

முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் தன் தட்டு மட்டும் வேறாகத் தெரிவது ஏழு வயதுப் பிள்ளைக்குச் சிறிய விஷயமல்ல. தன் மார்க்கத்தையும் விடாமல், தோழர்களிடமிருந்தும் விலகாமல் அந்தப் பிள்ளை உண்டு எழ, தாயின் அரை மணி நேரம் உதவுகிறது. பிள்ளை ஆசைப்பட்டுத் திறக்கும் பெட்டியை வீட்டிலிருந்தே தருவது, பிறர் உணவின்மேல் ஏக்கம் வராமல் காக்கும் ஒரு வழியும்கூட.

அன்பும் சுமையும்

எட்டுத்திசையும் பரவிய க்யாராபென் படங்களைப் பார்த்து, தினமும் இப்படிச் செய்தால்தான் நல்ல தாய் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. தன் மகனை ஜப்பானிய மழலையர் பள்ளியில் சேர்த்திருந்த அமெரிக்க மானுடவியலாளர் ஆன் ஆலிசன் 1991இலேயே இது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளை பெட்டியை முழுதாக உண்டு முடிக்கிறதா, தாய் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்பதைப் பள்ளி கவனிக்கிறது, அந்தச் சிறு பெட்டி வழியாகச் சமூகம் தாயையும் பிள்ளையையும் எடைபோடுகிறது என்றார். இன்று சில மழலையர் பள்ளிகள், பிள்ளைகளிடையே ஒப்பீடும் ஏக்கமும் வேண்டாம் என்று க்யாராபென்னைத் தவிர்க்கச் சொல்கின்றன.

இதன் மறுபக்கமும் ஜப்பானில்தான் இருக்கிறது. ஹச்சிஜோ தீவில் தனியாக மகளை வளர்த்த தாய் ஒருவர், பேச மறுத்த பதின்வயது மகளுக்கு, உயர்நிலைப் பள்ளியின் மூன்று ஆண்டுகளும் கேலியும் அறிவுரையும் கலந்த க்யாராபென் செய்து அனுப்பினார். வாயால் சொன்னால் கேட்காத சேதியைப் பெட்டி சொன்னது. அந்த அனுபவம் நூலாகி, 2019இல் திரைப்படமாகவும் வந்தது.

ஆகவே அளவுகோல் படமல்ல. பெட்டி காலியாகத் திரும்ப வேண்டும், பிள்ளை நலமாக இருக்க வேண்டும், சமைத்தவர் களைத்துச் சலித்துப் போகக் கூடாது. உருவம் வெட்டியபின் மிஞ்சும் சீஸ், கேரட், முட்டைத் துண்டுகளை வீசாமல் அன்றைய ஆம்லெட்டில் சேர்த்துவிட்டால் வீண்விரயமும் இல்லை.

முதலில் வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு பொருளில் தொடங்கலாம். பிள்ளை ஒதுக்கும் கேரட்டை நட்சத்திரமாக வெட்டி வைத்துப் பாருங்கள். முந்தைய இரவே பிள்ளையையும் அருகில் உட்கார வைத்து, நாளை என்ன வடிவம் என்று அதனிடமே கேளுங்கள். தந்தைமார் வெட்டிக் கொடுத்தால் வேலை பாதியாகும். தான் தேர்ந்தெடுத்ததைப் பிள்ளை ஒதுக்குவது குறைவு. மாலையில் பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.