உறையில் வந்த தகடு: ஆய்வகக் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் பதவி உருவான வரலாறு

1937 பிப்ரவரியில், சிசிலித் தீவின் பலெர்மோ பல்கலைக்கழக இயற்பியல் நிறுவனத்துக்கு அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து இயற்பியலர் எர்னஸ்ட் லாரன்ஸ் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியில் டியூட்ரான்களின் தாக்குதலுக்கு நெடுநாள் ஆட்பட்டுக் கதிரியக்கம் ஏறிய மாலிப்டினத் தகடு அந்த உறைக்குள் இருந்தது. நிறுவனத் தலைவர் எமிலியோ செக்ரேயும் கனிமவியல் பேராசிரியர் கார்லோ பெரியரும் அதை வேதிமுறையில் பிரித்து, அதுவரை எவர் கைக்கும் சிக்காத 43ஆம் தனிமத்தைக் கண்டறிந்தனர். அதற்கு டெக்னீசியம் என்ற பெயர் 1947இல்தான் வந்தது. அதே காலத்தில் பெர்க்லியிலிருந்து வந்த பாஸ்பரஸ்-32ஐக் கொண்டு உடலியங்கியல் அறிஞர் கமில்லோ ஆர்த்தோம், எலிகளின் உடலில் பாஸ்போலிப்பிடுகள் உருவாகும் விதத்தை ஆராய்ந்தார். இவை மாபெரும் சாதனைகள், ஐயமில்லை. ஆனால் அந்தப் பொருள்கள் வந்ததையும் கையாளப்பட்டதையும் கழிக்கப்பட்டதையும் கணக்கில் வைக்கும் கடமை, ஆய்வை நடத்தியவர்களைத் தவிர வேறு எவருக்கும் சட்டப்படி இல்லை.

இதை அறியாமையின் காலம் என்று ஒதுக்கிவிட முடியாது. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழு 1928இல் ஸ்டாக்ஹோமில் அமைந்துவிட்டது. நாளொன்றுக்கு 0.2 ராண்ட்கன் என்ற தாங்குவரம்பை அது 1934இல் பரிந்துரைத்தது. மேரி கியூரி இறந்ததும் அவ்வாண்டில்தான். ஆபத்து தெரிந்திருந்தது, அளவும் தெரிந்திருந்தது, அவற்றை ஆய்வகத்துக்குள் நடைமுறைப்படுத்தும் ஆள்தான் இல்லை. தகட்டின் கதிரியக்கம் மிகக் குறைவு, அங்கே காவல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். குறைவு என்பது அளந்த பிறகு தெரிவது. தகட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரியாததனால்தானே அதை ஆராயவே செய்தார்கள்! 1942இல் சிகாகோவில் அணு உலைப் பணி தொடங்கியபோது கதிர்வீச்சுக் கண்காணிப்புக்கென்றே தனிப் பிரிவு தோன்றியது. ஆராய்பவரும் கண்காணிப்பவரும் வெவ்வேறு ஆட்களாகப் பிரிந்தது அங்கேதான்.

இத்தாலியில் இந்தப் பிரிவினைக்குச் சட்ட வடிவம் தந்தது 1964ஆம் ஆண்டின் 185ஆம் எண் குடியரசுத் தலைவர் ஆணை. 1959இல் வந்த யூராட்டம் (ஐரோப்பிய அணுசக்திச் சமூகம்) அடிப்படை நெறிகளின் வழியில் பிறந்த அது, கதிரியக்கம் புழங்கும் இடங்களில் தகுதிபெற்ற வல்லுநரை நியமிக்க வேண்டும் என்றது. ஊழியர் உடல்நலத்தைக் கவனிக்கும் மருத்துவர் வேறு, இடத்தையும் பொருளையும் அளக்கும் வல்லுநர் வேறு. 2020ஆம் ஆண்டின் 101ஆம் எண் ஆணையிலும் இந்த அமைப்பு தொடர்கிறது. 20 வாட் மட்டுமே ஆற்றல் கொண்ட கொஸ்தான்சா என்ற சிற்றுலையை வைத்திருந்த பலெர்மோ பல்கலைக்கழகத்துக்கு இவை ஏட்டு விதிகளாக இருந்திருக்க முடியாது.

தன் பொருளைத் தன்னைவிட நன்கு அறிந்தவர் யார், வெளியாள் எதற்கு என்பது ஆய்வாளர்களின் பழைய மறுப்பு. அறிவைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் ஆய்வாளர் ஓய்வுபெறுவார், இடம் மாறுவார், சில வேளை விரட்டவும்படுவார்: இத்தாலியில் யூதர்களுக்கு எதிரான 1938இன் இனச் சட்டங்கள் செக்ரேயையும் ஆர்த்தோமையும் பலெர்மோவிலிருந்து பெயர்த்தெறிந்தன. பொருள் அங்கேயே கிடக்கும். இதன் கொடிய சான்று நம் நாட்டில் இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டுகள் பயனற்றுக் கிடந்த கோபால்ட்-60 காமா கருவி 2010இல் பழைய இரும்போடு ஏலம் போனது. தில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தவர்களும் அருகிலிருந்தவர்களும் கதிர்வீச்சுக்கு ஆளாயினர், ஒருவர் உயிரிழந்தார். அந்தத் துறையில் வேதியியல் அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஏலப் பட்டியலில் கைவைத்து, இது போகக்கூடாது என்று சொல்லும் கடமையும் அதிகாரமும் கொண்ட ஒருவர்தான் செயல்படவில்லை. அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள் 2004இலேயே கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் என்ற இப்பதவியை வரையறுத்துவிட்டன. வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பாக எழுதிவைத்தால் மட்டும் அது நிறைவேறாது. இருப்புப் பதிவேடும், கொள்முதலையும் கழிவையும் தடுத்து நிறுத்தும் உரிமையும், துறைத் தலைவரைத் தாண்டி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு நேரே எழுதும் வழியும் அவர் கையில் இருக்க வேண்டும்.