சர்ப்பகந்தியும் சிந்தைத் தெளிவும்

பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் அண்மையில், தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லைச் சிற்றூர் காரக்கோணம். நெய்யூரில் அரும்பணி ஆற்றிய டாக்டர் சோமர்வெல்லின் பெயரால் 2002 முதல் அங்கே மருத்துவக் கல்லூரி ஒன்று நடைபெறுகிறது. அத்தகைய கல்லூரிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அந்த மலைநாட்டு வைத்தியர் அறிந்திருந்த ஒரு செடியின் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

மலையாளத்தார் அதனை அமல்பொரி என்பர், வடமொழியில் சர்ப்பகந்தா. பீகாரிலோ ‘பைத்திய மருந்து’ என்றே பெயர். சித்தம் கலங்கியோருக்கு அதன் வேரைக் கொடுத்து உறங்கச் செய்தனர். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவர் அவ்வேரைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே சித்தப்பிரமையும் உயர் இரத்த அழுத்தமும் அருகருகே நின்றன. மேலைநாட்டார் அதனைக் கவனித்தாரல்லர். அழுத்தம் உயர்வது முதுமையின் இயல்பு, அதைத் தணிப்பதே தீங்கு என்று கருதிய மருத்துவரும் அக்காலத்தில் உண்டு. 1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து மாண்டபோது அழுத்தம் 300க்கு 190. அவருக்கே தக்க மருந்து இல்லை!

1949இல் பம்பாய் மருத்துவர் ரஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளருக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட பயனை ஆங்கில இதயநோய் ஏடொன்றில் வெளியிட்டார். உலகம் விழித்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் வேரின் சத்தைப் பிரித்து ரெசர்பைன் எனப் பெயரிட்டனர். மனநோய் மருத்துவமனைகளும் அதனை ஏற்றன. ஆனால் சிலரைக் கடும் மனச்சோர்வில் ஆழ்த்தியதாகக் கண்டமையால், வேறு மருந்துகள் வந்தபின் அதன் வழக்கு அருகியது. இன்று எவரும் தாமாக அவ்வேரை உண்ணலாகாது.

அழுத்தம் சிந்தையைக் கெடுப்பது எவ்வாறு? மூளையின் ஆழத்துக்குச் செல்லும் மயிரிழை போன்ற தமனிகள், ஓயாத அழுத்தத்தால் தடித்துக் குறுகுகின்றன. அங்குள்ள நரம்பிழைகள் இரத்தமின்றி வாடுகின்றன. பெரும்பாலும் முதலில் தளர்வது நினைவன்று. விரைந்து எண்ணுவதும் திட்டமிடுவதுமே. என் போன்ற மொழிபெயர்ப்பாளர் ஒரே பத்தியை மும்முறை படிக்க நேரின் ‘வயதாயிற்று’ என்று தள்ளிவிடுவோம். வயது மட்டுமே காரணமாக இருக்கவேண்டுமென்பதில்லை.

அழுத்தத்தைத் தணித்தால் அறிவு காக்கப்படுமா என்பதற்கு விடை மெல்லவே வந்தது. அறுபது வயது கடந்தோரிடையே ஐரோப்பாவில் நடந்த ஆய்வின் முடிவு 1998இல் வெளியாயிற்று. மருந்து உண்டவரிடையே மறதிநோய் ஏறத்தாழப் பாதியாயிற்று. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 9,361 பேர் பங்கேற்றனர். மேல் அழுத்தத்தை 140க்கு மாறாக 120க்குக் கீழே கொணர முயன்ற பிரிவினரிடையே, மறதிநோய்க்கு முன்னோடியான இலேசான அறிவுத் தளர்ச்சி 19 விழுக்காடு குறைவு. மறதிநோயிலும் குறைவு தென்பட்டதெனினும், அது தற்செயலன்று என்று உறுதி கூறுமளவுக்கு இல்லை. இது கண்டிப்பான மேற்பார்வையில் நடந்த சிகிச்சை என்பதையும் மறத்தலாகாது. ஊரைவிட்டு நெடுந்தொலைவில், தில்லியிலோ மும்பையிலோ தனித்து வாழும் நம்மவர் பலர் தம் அழுத்தத்தை ஒருமுறையேனும் அளந்து பார்த்தவரல்லர். அதுவோ வலியின்றியே உயரும்.